மண் உலையில் இரும்பு பிறக்கும் கதை!

ஒரு காந்தத் துண்டு. ஒரு காகிதம். ஒரு பிடி ஆற்று மணல்.

இந்த மூன்றும் இருந்தால் போதும். இரும்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தைகளுக்குக் கண்ணெதிரே காட்டிவிடலாம்.

ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. திருத்தணிப் பக்கத்து ஊர். அங்கே கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலில் விளையாடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி விளையாடும் ஒரு பையன் கையில் காந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அதைக் காகிதத்தில் சுற்றி, காய்ந்த மணலில் புரட்டி எடுக்கிறான். காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்ததுபோல் கறுப்புப் பொடி ஒட்டிக்கொள்கிறது. காகிதத்தைப் பிரித்ததும் பொடி உதிர்கிறது.

"அப்பா, இது என்ன?" என்று கேட்கிறான்.

"இரும்பு இருக்கிற மணலடா!"

"இதை வைத்துக் கத்தி செய்யலாமா?"

அப்பா என்ன பதில் சொல்வார்? சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் பையன் கேட்டது சரியான கேள்வி. செய்யலாம். நம் முன்னோர்கள் செய்தார்கள். பெரிய தொழிற்சாலை இல்லை. மின்சாரம் இல்லை. களிமண், கரி, ஆட்டுத்தோல், இவைதான் அவர்களுடைய கருவிகள்.

எப்படிச் செய்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளப் பள்ளிப்பட்டிலிருந்து சேலத்துக்குப் போக வேண்டும்.

கஞ்சமலை

சேலத்துக்கு மேற்கே நிற்கிறது கஞ்சமலை. அமாவாசை தோறும் மலையடிவாரச் சித்தர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். சாமி கும்பிடப் போகும் பலருக்கு, தங்கள் காலடியில் கிடப்பது இரும்புக் கல் என்பது தெரியாது.

அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி என்று மாறி மாறித் தெரியும். கறுப்பு வரிதான் இரும்புத் தாது. காந்தத்தைக் காட்டினால் இழுக்கும். வெள்ளை வரி வெங்கச்சங்கல். அதில் இரும்பு இல்லை.

தமிழ்நாட்டில் இரும்பின் கதை மிகப் பழையது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். அவற்றின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி தமிழக அரசு அறிவித்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்களே கிடைத்திருக்கின்றன.

ஆனால் மண்ணுக்குள் கிடைத்த உலை பேசாது. எவ்வளவு கரி போட்டார்கள், எத்தனை மணி நேரம் ஊதினார்கள் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல, பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்தார். அவர் ஒரு வெள்ளைக்காரர்.

ஹீத் துரை பார்த்தது

அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். சேலம் பக்கத்து இரும்பைக் கண்டதும் அவருக்கு அதன்மேல் ஆசை பிறந்தது. அந்த ஆசை சாகும்வரை அவரை விடவில்லை. கிராமத்து மக்கள் இரும்பு எடுக்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்தார். 1839-ல் அதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொல்லர் பட்டறையில் இருக்கும் உலை வேறு. இரும்பு எடுக்கும் உலை வேறு. கொல்லர் உலையில், முன்பே செய்த இரும்பைக் காய்ச்சி அரிவாளாகவோ கொழுவாகவோ அடிக்கிறார்கள். இன்னொரு உலையில்தான் கல்லிலிருந்து இரும்பு பிறக்கிறது.

அந்த உலை எவ்வளவு பெரியது தெரியுமா? உயரம் 3 அடியிலிருந்து 5 அடிவரைதான்! ஒரு சிறு பிள்ளையின் உயரம். அடியில் அகலம் 2 அடி. மேலே வாய் 1 அடி. முழுவதும் களிமண். இரண்டு ஆட்கள் சேர்ந்தால் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள். மறுநாளே அது வேலைக்குத் தயாராகிவிடும்.

உலையின் முன்பக்கம் அடியில் ஒரு வாசல். ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம். நெருப்பு மூட்டும்போது அந்த வாசலைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் உடைப்பார்கள்.

காற்றுக்கு என்ன செய்தார்கள்? ஆட்டுத்தோல் துருத்தி! வயிற்றைக் கிழிக்காமல் ஆட்டுத்தோலை முழுசாக உரித்துப் பை ஆக்குவார்கள். அதன் முனையில் ஒரு மூங்கில் குழாய். மூங்கில் நெருப்பில் எரிந்துவிடுமே? அதனால் மூங்கிலுக்கு முன்னால் ஒரு களிமண் குழல். காற்று அந்தக் குழல் வழியாக உலைக்குள் போகும்.

முறத்தில் தொடங்கும் வேலை

இரும்பு எடுப்பது என்றதும் எல்லோருக்கும் நெருப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் வேலை தொடங்குவது நெருப்பில் அல்ல, முறத்தில்!

கஞ்சமலைக் கல்லை அப்படியே உலையில் போட்டால் பயன் இல்லை. ஹீத் சொன்ன கணக்குப்படி, கல்லில் 100-க்கு 52 பங்குதான் தாது. மீதி 48 பங்கு வெங்கச்சங்கல். ஆகவே முதலில் கல்லை இடித்துப் பொடியாக்குவார்கள். பிறகு தண்ணீரில் அலசுவார்கள், அல்லது முறத்தில் புடைப்பார்கள். அரிசி புடைக்கும்போது உமி பறப்பது போல, இலேசான வெள்ளைப் பொடி விலகும். கனமான கறுப்புப் பொடி தங்கும்.

அடுத்தது கரி. நிலக்கரி அல்ல, மரக்கரி. கரியும் தாதுவும் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுதான் இரும்பும் நல்லதாக இருக்கும்.

உலையில் கரியை நிரப்பி நெருப்பு மூட்டுவார்கள். நன்றாகத் தழல் பிடித்ததும் மேலே கொஞ்சம் தாது போடுவார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தாதுப் பொடியைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிப் போடுவார்கள். ஏன்? காய்ந்த பொடி கரித்துண்டுகளின் இடுக்கு வழியாகச் சரசரவென்று அடிக்கு ஓடிவிடும். வேக நேரம் இருக்காது. ஈரப் பொடி கரியோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும்.

தாதுவுக்கு மேல் கரி. கரிக்கு மேல் தாது. இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே துருத்தியை ஊதுவார்கள். 3 அல்லது 4 மணி நேரம்!

பிறகு ஊதுவதை நிறுத்தி, முன்வாசலை உடைப்பார்கள். உலையின் அடியில் செக்கச்செவேல் என்று ஒரு கட்டி கிடக்கும். குறட்டால் பிடித்து வெளியே இழுப்பார்கள். மரச் சம்மட்டியால் அடிப்பார்கள். கட்டியோடு ஒட்டியிருக்கும் கசடு தெறித்து விழும். அந்தக் கசடுக்குக் கிட்டம் என்று பெயர்.

கட்டி சிவப்பாக இருக்கும்போதே நடுவில் வெட்டுவார்கள். எதற்காக? வாங்க வருகிற கொல்லர் உள்ளே இருக்கும் இரும்பின் தரத்தைப் பார்த்துக்கொள்வதற்காக! தர்ப்பூசணியை வெட்டிக் காட்டி விற்பது போலத்தான்.

இரும்பு உருகுவதே இல்லை!

இதில் ஒரு அதிசயம் இருக்கிறது. இந்த உலையில் இரும்பு உருகுவதே இல்லை.

இரும்பு உருக 1,538 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். மண் உலையில் அவ்வளவு சூடு வராது. சுமார் 1,200 டிகிரி வந்தாலே பெரிது. பிறகு எப்படி இரும்பு கிடைக்கிறது?

இரும்புத் தாது என்பது இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். வீட்டு அரிவாளில் பிடிக்கிற துருவும் அப்படித்தான். பிராணவாயுவைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது இரும்பு.

அதைப் பிரிக்கிற வேலையைக் கரி செய்கிறது. உலைக்குள் காற்று அளவாக இருக்கும்போது, எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அது தாதுவில் உள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே கரி வெறும் விறகு அல்ல. அது மருந்தும்கூட!

மீதி இருக்கிற கல்லும் மண்ணும் என்ன ஆகும்? அவை தாதுவில் ஒரு பங்கைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, கிட்டமாக உருகிக் கீழே வழிகின்றன. உருகாத இரும்புத் துணுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தேன்கூடு போன்ற கட்டி ஆகின்றன. அந்தக் கட்டியைச் சம்மட்டியால் அடித்து அடித்துத்தான் முழு இரும்பாக்க வேண்டும்.

இதனால் நஷ்டமும் உண்டு. சுத்தமான தாதுவில் 100-க்கு 72 பங்கு இரும்பு இருக்கிறது. சேலத்து உலைகளில் கைக்கு வந்தது 15 பங்குதான் என்று ஹீத் எழுதினார். மற்றதெல்லாம் கிட்டத்தோடு போயிற்று.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

அந்த 15 பங்கை வைத்து அவர்கள் செய்த வேலையோ உலகப் புகழ் பெற்றது.

இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். சின்ன மண்குகைக்குள் அடுக்குவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள்.

குச்சியும் இலையும் குகைக்குள் கரியாகின்றன. அந்தக் கரிச்சத்து இரும்பில் ஏறுகிறது. கரிச்சத்து ஏறிய இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகும். குகையை உடைத்தால் உள்ளே உருக்கு!

இந்த உருக்கை வெளிநாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். லண்டனில் மைக்கேல் பாரடே என்ற பெரிய விஞ்ஞானி 1819-ல் இந்திய உருக்கை எடுத்து ஆராய்ந்தார். மின்சாரத்தில் புதுமைகள் கண்டுபிடித்த அதே பாரடேதான். நம் ஊர் வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் செய்த வேலையைக் கண்டு, இங்கிலாந்து விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

பரங்கிப்பேட்டையில் பெரிய உலை

ஹீத் துரை பார்த்ததோடு நிற்கவில்லை. "மண் உலையிலேயே இவ்வளவு வருமானால், பெரிய உலை கட்டினால் எவ்வளவு வரும்!" என்று கணக்குப் போட்டார். உத்தியோகத்தை விட்டார். 1830-ல் கடலோரம் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது பரிசல்களில் ஏறி, காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. அங்கே செய்த இரும்பு கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போனது.

ஆனால் பெரிய உலைக்குப் பெரிய வயிறு! கரியை விழுங்கித் தள்ளியது. பக்கத்துக் காடுகள் போதவில்லை. தூரத்திலிருந்து கரி வர வேண்டியிருந்தது. தாதுவும் தூரத்திலிருந்துதான் வந்தது. செலவு ஏறியது. கடன் ஏறியது. 1851-ல் ஹீத் இறந்தார். 1853-ல் புதிதாக ஒரு கம்பெனி வந்தது. அதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்துவிட்டது.

மண் உலைகள் பிழைத்தனவா? அவையும் பிழைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு கப்பல் கப்பலாக வந்தது. ரெயில் அதை உள்ளூர்ச் சந்தைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காட்டில் மரம் வெட்டிக் கரி சுடுவது முன்போல் எளிதாக இல்லை. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

தாத்தா ஊதியதைப் பார்த்து மகன் கற்றான். மகனைப் பார்த்துப் பேரன் கற்றான். புத்தகத்தில் எழுதிவைத்துக் கற்ற தொழில் அல்ல இது. ஒரு தலைமுறை ஊதாமல் விட்டதும் சங்கிலி அறுந்துபோயிற்று.

பின்னாளில் சேலத்துக்குப் பெரிய ஆலை வந்தது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்கும் ஆலை. கஞ்சமலைத் தாது அதற்குத் தேவைப்படவில்லை. மலை அப்படியே நிற்கிறது!

காற்று ஊதிய உலை

அறுந்துபோன தொழிலை மறுபடி கற்க முடியுமா? முடியும் என்று இலங்கையில் காட்டினார்கள்.

இலங்கையின் தென்பகுதி மலையில் சமனலவெவ என்ற இடம். அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகள் கிடைத்தன. கில் ஜூலெஃப் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி அவற்றைக் கவனித்தார். உலைகள் மேற்கு நோக்கிய மலைச்சரிவில் வரிசையாக இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுகிற இடம் அது. 'துருத்தியே இல்லாமல் காற்றே உலையை ஊதியிருக்குமோ?' என்று அவருக்குத் தோன்றியது.

பலர் நம்பவில்லை. காற்று நினைத்தபோது அடிக்கும், நினைத்தபோது நிற்கும். அதை நம்பி இரும்பு எடுக்க முடியுமா என்பது அவர்கள் சந்தேகம்.

1994-ல் அதே இடத்தில் அதே மாதிரி உலை கட்டினார்கள். பருவக்காற்று அடிக்கும்போது நெருப்பு மூட்டினார்கள். இரும்பு கிடைத்தது. வெறும் இரும்பு மட்டுமல்ல; கரிச்சத்து ஏறிய உருக்கும் கிடைத்தது! 1996-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அந்தச் செய்தி வெளியாயிற்று.

அந்த மாதிரி உலை எரிவதை அவர்களில் யாரும் முன்பு பார்த்தது கிடையாது. எல்லோருமே புதியவர்கள். கட்டிப் பார்த்துத்தான் கற்றார்கள்.

இன்று தொடங்குகிறவர்களுக்கு

இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் இப்படிச் சின்ன உலை கட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

தாது: இரும்புச் சத்து நிறைந்ததாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் முதலில் விறகுத் தீயில் சுட வேண்டும். சுட்ட கல் சுலபமாக நொறுங்கும். பட்டாணி அளவுக்கு உடைத்தால் போதும்.

கரி: தாதுவின் எடைக்குக் குறையாத எடையில் கரி வேண்டும். உலையைச் சூடேற்ற வேண்டியது தனி. துண்டுகள் சுமார் ஓர் அங்குலம் இருக்கட்டும். தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும். தூள் அடைத்தால் காற்று ஏறாது.

உலை: களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் பிசைந்து கட்டலாம். காற்றுக்குழல் தரையோடு இருக்கக் கூடாது. சில அங்குலம் மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள இடத்தில்தான் கிட்டமும் இரும்புக் கட்டியும் சேரும்.

காற்று: துருத்திக்குப் பதில் சின்ன மின்விசிறி ஊதி போதும். காற்று குறைந்தால் சூடு வராது, கட்டியும் சேராது. காற்றும் கரியும் அளவு மீறினால் இரும்பில் கரிச்சத்து அதிகமாக ஏறிவிடும். அந்த இரும்பு சம்மட்டி அடி தாங்காமல் நொறுங்கும்.

பொறுமை: முதல் தடவை கிட்டம் மட்டுமே கிடைப்பதும் உண்டு. அதைத் தூக்கி எறியக் கூடாது. உடைத்துப் பார்க்க வேண்டும். எங்கே தவறு என்று கிட்டமே சொல்லும்.

இவற்றைவிட முக்கியம் பாதுகாப்பு. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ஆகவே வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ இந்த உலையை மூட்டவே கூடாது. திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும். கூரை வீடும் வைக்கோற்போரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஈரத் தரையில் உலை கட்டக் கூடாது. கொதிக்கும் கிட்டத்தின்மேல் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும். பருத்தி உடை, தோல் செருப்புக்குப் பதில் மூடிய பூட்ஸ், கண்ணாடி இவை அவசியம். உலை வேலை தெரிந்த ஒரு கொல்லர் பக்கத்தில் இருந்தால் மிகவும் நல்லது. பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கலாம். கிட்டப் போகக் கூடாது.

கத்தி எப்போது?

பள்ளிப்பட்டுப் பையனுக்கு இனி அப்பா என்ன பதில் சொல்லலாம்?

"கத்தி செய்யலாமடா. ஆனால் ஒரு கத்திக்கு ஒரு பிடி மணல் போதாது. ஒரு நாளும் போதாது. கல்லை இடிக்க வேண்டும். கரி சுட வேண்டும். மண் பிசைய வேண்டும். நாலு மணி நேரம் ஊத வேண்டும். பிறகு சம்மட்டியால் அடிக்க வேண்டும். அப்போதும் நூறு பங்கில் பதினைந்துதான் கைக்கு வரும்" என்று சொல்லலாம்.

அதைக் கேட்டுப் பையன் சோர்ந்துபோக வேண்டியதில்லை. அவன் கையில் இருக்கிற காகிதத்தைப் பாருங்கள். வெள்ளை மணல் ஒரு பக்கம், கறுப்புப் பொடி ஒரு பக்கம். சேலத்தில் முறத்தை வைத்துச் செய்த முதல் வேலை அதுதான். அதை அவன் செய்து முடித்துவிட்டான்.